கட்டணம் ஏறி இறங்கியபோது சபை இல்லை: மட்டக்களப்பு மாநகரத்தை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தலில் தெரிவான மட்டக்களப்பு மாநகர சபையின் பதவிக்காலம், இடையில் வழங்கப்பட்ட ஓராண்டு நீடிப்பையும் சேர்த்து, 2023 மார்ச் 19 நள்ளிரவோடு முடிவுக்கு வந்தது. அடுத்த சபையைத் தெரிவுசெய்ய 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த வாக்கெடுப்பு, நிதி விடுவிக்கப்படவில்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. அந்தத் தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி தீர்ப்பளித்தது. ஆனாலும் வாக்கெடுப்பு 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. புதிய சபையின் காலம் 2025 ஜூன் 2ஆம் திகதி தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீண்ட இந்த இடைவெளியில் நகர நிர்வாகம் மாநகர ஆணையாளரின் கையில் இருந்தது. குப்பை எடுக்கப்பட்டது, சம்பளம் கொடுக்கப்பட்டது, வரி வசூலிக்கப்பட்டது. நடக்காமல் போனது மாதாந்த சபை அமர்வு ஒன்றுதான்.

அந்த ஒன்று இல்லாமற் போனதால் நகரம் எதை இழந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் காரணமும் இருக்கிறது. மின்கட்டணத்தை மாநகர சபை நிர்ணயிப்பதில்லை, நீர்க்கட்டணத்தையும் நிர்ணயிப்பதில்லை, பஸ் எந்த வீதியால் ஓட வேண்டும் என்றும் அது தீர்மானிப்பதில்லை. அதிகாரம் இல்லாத விடயங்களைப் பற்றி ஒரு சபை பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன என்பது அவர்களுடைய வாதம். இந்த வாதம் பிழை என்று நான் கருதுகிறேன். கட்டணத்தைத் தீர்மானிக்கும் இடம் வேறாக இருந்தாலும், அந்த இடத்தின் முன்னால் நகரத்தின் நிலையை எழுத்தில் வைக்கும் கடமை சபைக்கே உரியது. அந்தக் கடமை நிறைவேறாத காலத்தில்தான் கட்டணங்கள் அடிக்கடி ஏறி இறங்கின.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்பது ஆண்டுகள் பெரிய மாற்றமின்றி இருந்த மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் உயர்ந்தது. இவை இரண்டும் சபை இருந்த காலத்தில் நடந்தவை. சபை இல்லாத காலத்தில் 2023 ஜூலையில் 14.2 வீதம் குறைந்தது, அதே ஆண்டு ஒக்டோபரில் 18 வீதம் கூடியது, 2024 மார்ச்சில் 21.9 வீதமும் ஜூலையில் 22.5 வீதமும் குறைந்தது, 2025 ஜனவரியில் மீண்டும் 20 வீதம் குறைந்தது. ஆக ஐந்து திருத்தங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் முன்னால் இலங்கை மின்சார சபை ஒரு முன்மொழிவைக் கொடுக்க வேண்டியிருந்தது. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதை மக்களின் பார்வைக்கு வெளியிட்டு, எழுத்து மூலக் கருத்துகளையும் வாய்மொழிக் கருத்துகளையும் கேட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

இந்தக் கேட்டறிதல் வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் 2025 ஜனவரி முடிவை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். அப்போதிருந்த கட்டணத்தை அப்படியே தொடரலாம் என்பதே மின்சார சபையின் முன்மொழிவு. மாகாணங்கள் தோறும் அமர்வுகள் நடத்திக் கருத்துகளைக் கேட்ட ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. 20 வீதம் குறைத்தது. 2025 ஜூனில் மின்சார சபை 18.3 வீத உயர்வைக் கேட்டபோது 15 வீதத்துக்கே அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் கேட்ட 6.8 வீத உயர்வு முற்றாக மறுக்கப்பட்டது. ஆணைக்குழு தன் முன் வைக்கப்படும் கணக்கைப் பார்த்து முடிவை மாற்றும் அமைப்பு என்பதற்கு இவையே போதும். அந்தக் கணக்குகளுக்கிடையே மட்டக்களப்பின் கணக்கும் இருக்க வேண்டாமா?

நம் நகரத்துக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு. வீட்டுப் பாவனையாளருக்கான கட்டணத்தில் மாதத்துக்கு 60 அலகு என்பது ஓர் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டும் விலை கூடும் என்று நினைப்பது தவறு. முதல் அலகிலிருந்தே வேறொரு விலைப்பட்டியல் பொருந்தும், நிலையான கட்டணமும் உயரும். கிழக்குக் கரையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரவிலும் புழுக்கம் இறங்குவதில்லை. கூழாவடியிலோ இருதயபுரத்திலோ இரண்டு அறை உள்ள சிறிய வீட்டில் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் இரண்டு மின்விசிறிகளும் இருந்தால், அந்த மாதங்களில் 60ஐத் தாண்டாமல் இருப்பது கடினம். மழைக்காலத்தில் அதே வீடு கோட்டுக்குக் கீழே நின்றுவிடும். நுவரெலியாவில் உள்ள ஏழைக் குடும்பத்துக்கும் மட்டக்களப்பில் உள்ள ஏழைக் குடும்பத்துக்கும் ஒரே எல்லையை வைப்பது காலநிலையைக் கணக்கில் எடுக்காத முறை. இதை ஆணைக்குழுவின் முன் எடுத்துச் சொல்லத் தனி ஒருவரின் கடிதம் போதாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் இருபது முப்பது வீடுகளின் மின்பட்டியல்களை, பெயரையும் கணக்கிலக்கத்தையும் மறைத்து, மாதவாரியாக ஓர் அட்டவணையில் சேர்த்தால் அதுவே சான்றாகும். அந்த வேலைக்கு வட்டாரந்தோறும் ஓர் உறுப்பினரை வைத்திருக்கும் அமைப்பு நகரத்தில் மாநகர சபை ஒன்றுதான்.

மின்விநியோகம் ஒரு காலத்தில் உள்ளூராட்சி மன்றங்களின் கையில் இருந்தது என்பதையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். மேற்குக் கரையோரத்தில் அந்த மன்றங்களிடமிருந்த விநியோகத்தைப் பொறுப்பேற்கவே 1983இல் லங்கா மின்சாரக் கம்பனி உருவானது. கொழும்பு மாநகர சபை 1953 முதல் 1964 வரை மின்கம்பியில் ஓடும் பஸ் சேவையையே நடத்தியது. கண்டி மாநகர சபை இன்றும் தன் நகரத்துக்கான நீரைத் தானே வழங்குகிறது. மாநகர சபை என்றால் குப்பையும் வடிகானும் மட்டும் என்ற எண்ணம் அண்மைக்காலத்தில் வந்தது.

நீர் விடயத்தில் மட்டக்களப்பின் நிலை வேறு. 1974ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைதான் நகருக்கு நீர் தருகிறது. உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வாவியைத் தாண்டி வருகிறது. கட்டணம் மாறும்போது அது வர்த்தமானியில் வருகிறது. மின்சாரத்துக்கு இருப்பதுபோன்ற சுயாதீன ஒழுங்குபடுத்தலும் பகிரங்கக் கேட்டறிதலும் நீருக்கு இல்லை. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுச் சட்டம் நீரையும் உள்ளடக்கும் எண்ணத்தோடு எழுதப்பட்டிருந்தும், அதற்குத் தேவையான துறைசார் சட்டம் நிறைவேற்றப்படவே இல்லை. 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் உயர்ந்த நீர்க்கட்டணத்தைப் பற்றி நகர மக்கள் முறைப்படி பேசுவதற்கு ஓர் மேடையும் இருக்கவில்லை. இரண்டாவது உயர்வின்போது சபை அமர்வு என்ற மேடையும் மூடப்பட்டிருந்தது.

நீர்க்கட்டணம் உயர்ந்தால் நகரில் நடப்பது என்ன? மட்டக்களப்பு மணற்பாங்கான நிலம், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடம். ஆறு ஏழு பேர்ச்சஸ் வளவுக்குள் கிணறும் மலக்குழியும் அருகருகே இருக்கும் வீடுகள் புளியந்தீவிலும் கோட்டைமுனையிலும் கல்லடியிலும் நிறைய உண்டு. குழாய்நீர்த் திட்டம் வந்ததற்கான காரணமே அதுதான். பட்டியல் கூடும்போது குடும்பங்கள் குடிக்கவும் சமைக்கவும் குழாயை வைத்துக்கொண்டு, குளிக்கவும் பாத்திரம் கழுவவும் கிணற்றுக்குத் திரும்புகின்றன. இதன் விளைவு சுகாதாரப் பகுதியில் தெரிய வரும், நீர் வழங்கல் சபையின் வரவுசெலவில் தெரியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் எடுக்கும் கிணற்றுநீர் மாதிரிகளின் முடிவுகளைச் சபையின் சுகாதாரக் குழு வட்டாரவாரியாகக் கேட்டுப் பெற்று, கட்டணம் மாறிய மாதங்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், அமைச்சுக்கு அனுப்பும் கடிதத்தில் கோரிக்கை மட்டும் இராது, காரணமும் இருக்கும்.

நீர் விடயத்தில் சபைக்கு நேரடியான ஒரு பிடியும் உண்டு. அது வீதி. இலங்கையில் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கும், மற்ற உள்வீதிகள் உள்ளூராட்சி மன்றத்துக்கும் உரியவை. உள்வீதியில் குழாய் பதிக்க வேண்டுமானால் மாநகர சபையின் அனுமதி வேண்டும், வெட்டுவதால் ஏற்படும் சேதத்துக்குப் பணமும் கட்ட வேண்டும். நாவற்குடாப் பக்கம் ஓர் உள்வீதியைக் கவனித்துப் பார்த்தால் இதன் கதை விளங்கும். கொங்கிறீட் போட்ட வீதியின் ஓரமாக ஒரு முழ அகலத்தில் நீளமாக வெட்டி, குழாயை இறக்கி, அதே மணலால் மூடிவிட்டுப் போயிருப்பார்கள். கச்சான் காலம் முழுவதும் அது ஒரு மணற்கோடாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கியதும் மணல் அமிழ்ந்து, வெட்டிய கோடு நீண்ட பள்ளமாகி, வடிகானுக்குப் போக வேண்டிய நீர் அதற்குள் தேங்கும். துவிச்சக்கர வண்டியில் போகும் பிள்ளைகள் அதற்குள் விழுவார்கள். அதன் பின்னர்தான் முறைப்பாடு சபைக்கு வரும். சேதத்துக்கான பணம் எப்போது கட்டப்பட்டது, அந்தப் பணம் அதே வீதிக்குச் செலவிடப்பட்டதா, மூடிய பின் யார் வந்து பார்த்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் வேலைகள் குழுவில் மாதந்தோறும் கேட்டுக் கூட்டறிக்கையில் பதிந்தாலே பெரும்பகுதி சீராகிவிடும். மழைக்கு முன்னர் மூடி முடிக்க முடியாத வெட்டுக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்க எந்த அமைச்சையும் கேட்க வேண்டியதில்லை.

இனி, நகர மக்கள் அதிகம் பேசுகின்ற, ஆனால் சபையின் பிடி மிகவும் தளர்ந்திருக்கின்ற விடயமான போக்குவரத்துக்கு வருவோம்.

மட்டக்களப்புக் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், நீண்ட காலம் புளியந்தீவில் ஒல்லாந்தர் கோட்டைக்குள் இயங்கியது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வருபவர் வவுணதீவைத் தாண்டி, வலையிறவுப் பாலத்தைக் கடந்து நகருக்குள் வந்துவிட்டால், கச்சேரி, வங்கி, ஆஸ்பத்திரி, சந்தை எல்லாவற்றையும் நடந்தே முடித்துக்கொள்ளலாம். 2024இல் புதிய மாவட்டச் செயலகம் திராய்மடுவில் திறக்கப்பட்டது. திராய்மடு நகரின் வடக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலையில் நாவலடி போன்ற கரையோரக் கிராமங்களில் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்கள் மீள்குடியேற்றப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. கடலை நம்பி வாழ்ந்தவர்களைக் கடலிலிருந்தும் சந்தையிலிருந்தும் விலக்கிக் குடியேற்றியபோது பஸ் பற்றிய கேள்வி எழுந்தது. மாவட்டத்தின் முதன்மை அலுவலகமே அங்கே போனபோது அதே கேள்வி முழு மாவட்டத்துக்குமான கேள்வியாகிவிட்டது. கொக்கட்டிச்சோலையிலிருந்து காணி அலுவலுக்காக வரும் ஒரு முதியவர், நகரில் இறங்கி இன்னொரு பஸ் ஏற வேண்டும். திருகோணமலை வீதியில் இறங்கினால் அங்கிருந்து உள்ளே நடக்கவோ ஆட்டோ பிடிக்கவோ வேண்டும். ஒரு கடிதம் குறைகிறது, நாளை வாருங்கள் என்று சொல்லப்பட்டால் இந்தச் செலவு இரட்டிப்பாகும்.

இந்தக் கட்டடத்துக்கான இடத்தைத் தெரிவுசெய்தது மத்திய அரசின் நிர்வாகம். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு வழித்தட அனுமதி கொடுப்பது கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. அரச பஸ்களை ஓட்டுவது இலங்கைப் போக்குவரத்துச் சபையின் டிப்போ. கட்டணம் ஆண்டுதோறும் ஜூலையில் செலவுச் சுட்டியின் அடிப்படையில் தேசிய மட்டத்தில் திருத்தப்படுகிறது. மாநகர சபைக்கு மிஞ்சுவது பஸ் நிலையம், தரிப்பிடம், உள்வீதி, வீதி விளக்கு. ஒரு பயணத்துக்கு இத்தனை பொறுப்பாளர்கள் இருக்கும்போது, பயணியின் முழுப் பயணத்தையும் பார்க்கின்றவர் ஒருவருமில்லை.

இதில் இன்னொரு கனமான உண்மையும் இருக்கிறது. போக்குவரத்தும் உள்ளூராட்சியும் 1987இன் 13ஆம் திருத்தத்தால் மாகாணத்துக்குக் கொடுக்கப்பட்டவை. ஆனால் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவேயில்லை. மாநகர சபை ஒரு பஸ் வழித்தடம் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றினால், அது போய்ச் சேரும் இடத்தில் மக்களால் தெரிவான அமைச்சர் இல்லை, கேள்வி எழுப்ப உறுப்பினரும் இல்லை. 2023 மார்ச் முதல் 2025 ஜூன் வரை கீழேயும் சபை இல்லை, மேலேயும் சபை இல்லை. மாவட்டச் செயலகம் இடம்மாறியது சரியாக இந்தக் காலத்துக்குள். இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த இடமாற்றத்தோடு பஸ் ஒழுங்கும் சேர்ந்தே பேசப்பட வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்கும் ஓர் அமர்வு நகரத்தில் இல்லாதிருந்தது என்பதை மறுக்க முடியாது.

சபை திரும்பி வந்துவிட்டதால் மட்டும் இது சரியாகிவிடாது. நம் உள்ளூராட்சி மன்றங்களின் வழக்கம் தெரிந்ததே: ஓர் உறுப்பினர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், ஏகமனதாக நிறைவேறும், உரிய அதிகாரிக்குக் கடிதம் போகும், அடுத்த மாதம் வேறு விடயம் வரும். அந்தத் தீர்மானத்தில் எந்த வீதி, எத்தனை மணி, எத்தனை பயணி என்ற எதுவும் இராது. அதிகார சபையில் வழித்தட விண்ணப்பத்தைப் பார்க்கும் உத்தியோகத்தருக்கு அது பயன்படாது. காலை 7 மணியிலிருந்து 10 மணி வரை பஸ் நிலையத்தில் இறங்கித் திராய்மடுவுக்குப் போக வழி கேட்பவர்களை ஒரு வாரம் எண்ணி எழுதினால் பயன்படும். பஸ் நிலையம் சபையின் பொறுப்பில் இருப்பதால் அதற்குப் பெரிய செலவும் இல்லை. அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த வட்டாரத்துக் குடிமகன் ஒருவரே அந்தக் கடிதத்தின் மேல் எடுத்த நடவடிக்கையைக் கேட்டுப் பெறலாம். மாநகர சபையின் கூட்டறிக்கைகளையும் அதே சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

குப்பையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் சபையின் சொந்தப் பணம் அங்கேதான் கரைகிறது. திருப்பெருந்துறையில் ஆண்டுக்கணக்காகக் கொட்டியதால் அயல் மக்கள் புகையையும் நாற்றத்தையும் தாங்க முடியாமல் போராடினார்கள். இன்று நகர எல்லைக்கு வெளியே, செங்கலடிப் பக்கம் கொடுவாமடுவில் அமைக்கப்பட்ட நிலநிரப்பு இடத்துக்குக் கழிவு போகிறது. ரக்டர் அதிக தூரம் ஓடுகிறது. 2022 தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் அதே ஆண்டு ஜூன் இறுதியில் 460 ரூபாவானது. பின்னர் இறங்கினாலும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. இந்தச் செலவைத் தாங்க வேண்டிய ஆதனவரியோ, வீட்டின் வருடப் பெறுமதியின் மேல் விதிக்கப்படுவது; அந்தப் பெறுமதியை மறுபடி மதிப்பிடாத வரைக்கும் அது பழைய காலத்து ரூபாவில் அப்படியே நின்றுவிடும். மதிப்பீட்டைப் புதுப்பித்தால் வாக்குப் போகும் என்ற பயம் எல்லாச் சபைகளுக்கும் உண்டு. இந்தப் பயத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது, ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மின்சார சபை தன் கணக்கைப் பகிரங்கமாக வைத்துக் கேட்க வேண்டும் என்று நாம் எதிர்பார்த்தோம். அதே ஒழுங்கு நம் வரிக்கும் வேண்டும். ஒரு தொன் குப்பையைக் கொடுவாமடுவுக்குக் கொண்டுபோக எவ்வளவு செலவாகிறது, அதில் ஆதனவரி எவ்வளவைத் தாங்குகிறது என்பதைப் பாதீட்டு அமர்வுக்கு முன்னரே வட்டாரங்களில் அச்சிட்டு ஒட்டினால், மதிப்பீடு பற்றிய பேச்சு வதந்தியில் தொடங்காது.

ஆதனவரியை ஜனவரி 31க்குள் முழுவதுமாகக் கட்டினால் 10 வீதமும், காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதமும் கழிவு (தள்ளுபடி) உண்டு. இதைப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் கையில் பணம் உள்ளவர்கள். ஜனவரி நம் பகுதியில் பெருமழை ஓயாத மாதம். மீன்பிடியும் கூலிவேலையும் குறைந்து, பொங்கலும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் சேர்ந்து வரும். பாலமீன்மடுவிலும் திராய்மடுவிலும் சிறிய வரி கட்டும் வீடுகள் அந்த 10 வீதத்தை எப்போதும் இழக்கின்றன. கழிவின் திகதி மாநகர சபைகள் கட்டளைச்சட்டத்தில் இருப்பது, சபையால் மாற்ற முடியாதது. ஆனால் முந்திய ஆண்டின் ஆவணி, புரட்டாதியில், கரையில் வருமானம் உள்ள மாதங்களில், அடுத்த ஆண்டுக்கான பணத்தைச் சிறுகச் சிறுக முற்பணமாக ஏற்று, ஜனவரியில் கணக்கில் வைக்கும் ஓர் ஒழுங்கைச் சபையின் நிதிக்குழு ஆராயலாம். அதற்குத் தேவையானது ஒரு பதிவேடும், வட்டாரத்துக்கு மாதம் ஒருமுறை போகும் ஒரு வருமானப் பரிசோதகரும், கணக்காளரின் எழுத்து மூல அபிப்பிராயமும்.